கயிறு யார் கையில்?
கோடை விடுமுறை முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு

ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே தூத்துக்குடியின் தெருமுனைகளிலும் ஆட்டோக்களின் முதுகிலும் வண்ணச் சுவரொட்டிகள் தோன்றிவிடுகின்றன. ஓவியம், கைவினை, கராத்தே, சிலம்பம், கீபோர்டு, அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி, ஆங்கிலப் பேச்சு, யோகா எனப் பத்துப் பதினைந்து பெயர்களை அடுக்கி அவை பிள்ளைகளை அழைக்கின்றன. அதே வாரத்தில் நம் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவில் பெற்றோர் ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்குகிறார்கள்: "டாக்டர், இவனை முகாமுக்கு அனுப்பலாமா?"

கேட்பவரின் பிள்ளைக்கு இழுப்பு இருக்கும். அல்லது வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளையாக இருக்கும். நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் சிறுமியாகவோ, வாதக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்டு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசிக்கு வரும் சிறுவனாகவோ இருக்கலாம். பெரும்பாலோருக்கு நாம் கூறும் விடை ஒன்றுதான்: அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஆனால் முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரொட்டியில் அச்சிடப்படாத ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்ன கற்றுத் தருவார்கள் என்பதைச் சுவரொட்டி சொல்லிவிடுகிறது. பிள்ளையை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை அது சொல்வதில்லை.

இவ்வூரில் விடுமுறை முகாம் என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்த வீடுகளில் தந்தை கரையில் இருப்பார், வருமானம் இராது. உப்பளங்களிலோ நிலைமை நேர்மாறானது. கோடைதான் அங்கே உப்பு விளையும் காலம் என்பதால், தாய் விடியுமுன்னே வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். பள்ளியும் இல்லை, வீட்டில் பெரியவர்களும் இல்லை என்ற நிலையில் எட்டு வயதுப் பிள்ளை பகல் முழுவதும் எங்கே இருக்கிறது என்பது அந்தத் தாய்க்கு ஒரு பெருங்கவலை. முகாம் அக்கவலைக்கு ஒரு விடை. விடை நல்லதாக இருக்க வேண்டும் என்பதே நம் அக்கறை.

வாய்ப்புகள் பலவகை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைகாலப் பயிற்சி முகாம்களை நடத்துகிறது; நம் நகரில் தருவை மைதானத்தைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் பாட்டு, நடனம், ஓவியம், சிலம்பம் முதலியவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றன. நூலகங்களில் கதை சொல்லும் நிகழ்ச்சிகள் உண்டு. தேவாலயங்கள்தோறும் நடைபெறும் விடுமுறை வேதாகமப் பள்ளி இக்கரையில் மூன்று தலைமுறையினர் அறிந்த ஒன்று. நம் செவிலியர் பலரும் சிறுவயதில் அங்கே பாடியவர்கள்தாம். இவற்றோடு தனியார் நடத்தும் முகாம்களும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன.

விடுமுறை முகாம் என்ற எண்ணமே உடல்நலத்திலிருந்து பிறந்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1876ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வால்டர் பியோன் என்னும் போதகர், நெரிசலான குடியிருப்புகளில் வாடிய ஏழைப் பிள்ளைகள் 68 பேரை அப்பென்செல் மலைப்பகுதிக்கு அழைத்துச் சென்றார். நல்ல காற்று, வயிறு நிறைய உணவு, ஓடியாட இடம் ஆகியவையே அவர் வகுத்த பாடத்திட்டம். அவரைப் பின்பற்றி ஐரோப்பாவெங்கும் தோன்றிய முகாம்களில், புறப்படும்போதும் திரும்பும்போதும் பிள்ளைகளின் எடையைக் குறித்துவைக்கும் வழக்கம் இருந்தது. எத்தனை பாடல் கற்றார்கள் என்பதைவிட எவ்வளவு எடை கூடினார்கள் என்பதுதான் அன்று முகாமின் மதிப்பெண். 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி தெருவில் அலைந்த பிள்ளைகளுக்காக விடுமுறைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். வேறு இடம் கிடைக்காமல் ஒரு மதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்தார் என்பது அதன் வரலாறு. இன்று நம் தேவாலய வளாகங்களில் ஒலிக்கும் விடுமுறைப் பள்ளிப் பாடல்களுக்கு அதுவும் ஒரு தொடக்கம்.

நம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. இன்சுலின் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில். அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து, 1925இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லியோனார்ட் வெண்ட் என்ற மருத்துவர் நீரிழிவுள்ள பிள்ளைகளுக்காகவே ஒரு கோடை முகாம் நடத்தினார். அதுவரை அந்நோய் வந்த பிள்ளை பிழைப்பதே அரிதாக இருந்தது. பிழைத்தால் போதும் என்று இருந்துவிடாமல், பிழைத்த பிள்ளை விளையாடவும் வேண்டும் என்று அவர் உடனே நினைத்தார். நூறாண்டு கழிந்தும், ஊசி போடும் பிள்ளை என்பதற்காகவே ஒரு சிறுமியை வீட்டில் நிறுத்திவைப்பது நம்மிடையே வழக்கமாக இருப்பது வருந்தத்தக்கது.

இனி, பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்கு வருவோம். இக்கரையில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில் கடலுக்குள் இறங்குபவரோடு எப்போதும் இன்னொருவர் இருப்பார். குளிப்பவர் கனமான கல்லைப் பற்றிக்கொண்டு பாரை நோக்கி மூழ்குவார். மூச்சடக்கி ஒரு நிமிடமோ சற்று மிகுதியாகவோ சிப்பிகளைச் சேகரிப்பார். கயிற்றை அசைத்ததும் தோணியில் நிற்பவர் அவரை மேலே இழுப்பார். கயிற்றைப் பிடிப்பவருக்கு வேறு வேலை கிடையாது. அவர் சிப்பி எண்ணமாட்டார், துடுப்புப் போடமாட்டார். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும், தன் சகோதரி தாலியிழக்க அவர் விடமாட்டார் என்று இக்கரையில் சொல்வதுண்டு. தூத்துக்குடிக் கடலில் பெருமளவிலான முத்துக்குளித்தல் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கயிறு யார் கையில் என்ற அந்தப் பழைய கேள்வியை மட்டும் முகாம் வாசலில் நின்று நாம் கேட்கலாம்.

அறுபது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்றால் கயிறு ஒருவர் கையிலும் இல்லை. இங்கிலாந்தின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி. ஓர் அளவைப் பரிந்துரைக்கிறது: நான்கு முதல் எட்டு வயதுவரையுள்ள பிள்ளைகள் ஆறு பேருக்குப் பெரியவர் ஒருவர், ஒன்பது முதல் பன்னிரண்டு வயதினருக்கு எட்டுப் பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்டோருக்குப் பத்துப் பேருக்கு ஒருவர். பிள்ளைகள் எத்தனை குறைவாக இருந்தாலும் பெரியவர் இருவராவது இருக்க வேண்டும் என்பதையும் அது வலியுறுத்துகிறது. அந்நாட்டில் எட்டு வயது நிறையாத பிள்ளைகளை ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொள்ளும் விடுமுறைக் கழகங்கள் பொதுவாக அரசின் ஆய்வு அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். நம் ஊரில் பத்து நாள் முகாம் ஒன்றின் வாசலில் அத்தகைய பதிவுச் சான்று தொங்குவதைக் காண்பது அரிது. ஆகவே ஆய்வாளரின் வேலையைப் பெற்றோரே செய்தாக வேண்டும்.

அந்த அளவுகளை நம் முகாம்கள் உடனே எட்டிவிடும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. கல்லூரி மாணவர்களான தன்னார்வலர்களை எல்லா முகாம்களிலும் காணலாம். பிள்ளைகள் அவர்களை அண்ணன், அக்கா என்று அழைத்து ஒட்டிக்கொள்வார்கள். அது நல்லதே. எனினும் பதினெட்டு வயது அக்கா ஒருவர் சட்டமும் வண்ணமும் எடுக்க உள்ளே போனால் அவருடைய பத்துப் பிள்ளைகளையும் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். உடனே பெயர் சொல்லி விடை தரும் முகாம் நல்ல முகாம். "எல்லோரும் பார்ப்போம்" என்று சொன்னால், ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இங்கே பெற்றோரிடமும் சற்றுக் கண்டிப்பாகப் பேச வேண்டியுள்ளது. நோயை மறைத்து முகாமில் சேர்ப்பதுதான் நாம் காணும் மிகப் பெரிய ஆபத்து. வலிப்பு என்று சொன்னால் சேர்க்கமாட்டார்கள். இழுப்பு என்று சொன்னால் விளையாட விடமாட்டார்கள். நீரிழிவு என்று ஊருக்குத் தெரிந்தால் பெண்பிள்ளையின் எதிர்காலம் என்னாகும் என்ற அச்சங்களை நாம் அறிவோம். அவற்றுள் சில வீண் அச்சங்களும் அல்ல. நோயின் பெயரைக் கேட்டதுமே கதவடைக்கும் முகாம்கள் இருக்கின்றன. ஆனால் சேர்க்கை விண்ணப்பத்தில் "உடல்நலக் குறைபாடு ஏதுமில்லை" என்று எழுதிக் கொடுத்த பிறகு, பிள்ளை கீழே விழுந்து துடிக்கும்போது அருகில் நிற்பவர் என்ன செய்வார்? கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். வாயில் கரண்டியை நுழைப்பார். முகத்தில் தண்ணீரை ஊற்றுவார். நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தால் இவை நேராமல் தடுத்திருக்கலாம்.

வலிப்புள்ள பிள்ளைக்கான அந்த நான்கு வரிகள் இவை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, அருகிலுள்ள கூர்மையான பொருள்களை அகற்றவும். இரும்பு, சாவி எதுவும் கையில் கொடுக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். கடிகாரத்தைப் பார்க்கவும்; ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளியுமுன் மீண்டும் வந்தாலோ 108ஐ அழைக்கவும். பெற்றோரின் கைபேசி எண் இது. மாத்திரை ஒரு வேளை தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. எனவே இரவு பத்து மணிவரை நீளும் கலைநிகழ்ச்சி ஒத்திகைக்கு இப்பிள்ளையை நிறுத்திவைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். டோபிராமேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் வியர்வையைக் குறைப்பவை. அவற்றைச் சாப்பிடும் பிள்ளையின் உடல் மே மாத வெயிலில் எளிதில் சூடேறிவிடும். எந்த மருந்து என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இழுப்புள்ள பிள்ளையின் நிலை வேறு. இங்கே தவறு பெரும்பாலும் நல்லெண்ணத்திலிருந்து வருகிறது. பிள்ளையின் நீல நிற இன்ஹேலரைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். சாவியை வைத்திருப்பவர் மதிய உணவுக்குப் போயிருப்பார். இன்ஹேலரும் ஸ்பேசரும் பிள்ளையின் பையிலோ, அக்குழுவின் பொறுப்பாளர் கையிலோ இருக்க வேண்டும். மைதானத்துக்குப் போனால் மைதானத்துக்கும் அவை போக வேண்டும். முகாமின் முதல் நாளன்று அதைப் பயன்படுத்தும் முறையைப் பிள்ளையே பொறுப்பாளருக்குச் செய்து காட்டட்டும். பிள்ளைக்கு அதில் ஒரு பெருமிதம் உண்டு; கூச்சமும் போய்விடும். விளையாட்டைத் தடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. புழுதி பறக்கும் நேரமும், ஸ்பிரே வண்ணம் அடிக்கும் மூடிய அறையும்தான் தவிர்க்க வேண்டியவை.

நாள்தோறும் இன்சுலின் போடும் பிள்ளைக்கு முகாம் நாள் என்பது கூடுதல் ஓட்டம், குறித்த நேரத்தில் வராத உணவு ஆகிய இரண்டும் சேர்ந்த நாள். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கை நடுக்கம், வியர்வை, எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தோன்றும். "அடம் பிடிக்கிறாள்" என்று ஆசிரியர் மூலையில் உட்காரவைப்பது இத்தருணத்தில்தான். பெரிய பிள்ளையென்றால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். சிறு பிள்ளைக்கு அளவு குறையும். எடைக்கேற்ற அளவை மருத்துவர் எழுதித் தருவார். சாக்லேட் இதற்கு ஏற்றதன்று. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தவறிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். இன்சுலினைப் பொறுத்தவரை, வெயிலில் நிற்கும் வேனில் அதை விட்டுவைப்பது அறவே ஆகாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத இடத்தில் ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் சிறு பெட்டியில் வைக்கலாம். இன்றும் நம் மக்கள் பலரின் வீடுகளில் பயன்படும் முறைதான் இது.

பென்சிலின் ஊசிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வரி: முகாம் நாட்களுக்கு நடுவே ஊசித் தேதி வந்தால், அன்று அரை நாள் விடுப்பு எடுத்து வாருங்கள், ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நிறைவு விழாவை நினைவில் வைக்கவும். இவ்வூரில் இனிப்பு என்றால் மக்ரூன். மக்ரூன் என்றால் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும்.

இவை நோயுள்ள பிள்ளைகளைப் பற்றியவை. வெயிலும் தண்ணீரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது.

கடற்கரை நகரத்து வெயிலை வெப்பமானியை மட்டும் வைத்து அளக்க முடியாது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடல் குளிர்வதும் தாமதமாகிறது. நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை திறந்த வெளியில் எந்த விளையாட்டும் கூடாது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் முகாம்கள் காலையிலும் மாலையிலும் மட்டும் நடப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிள்ளைகள் தாகம் எடுத்தால் குடிப்பார்கள் என்று விட்டுவிடாமல், அரைமணி நேரத்துக்கு ஒருமுறை விசில் ஊதி எல்லோரையும் குடிக்கவைக்கும் பயிற்சியாளரைப் பார்த்தால் நம்பி அனுப்பலாம். மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தால் இரண்டில் ஒன்று: குடிக்க நேரம் தரவில்லை, அல்லது அங்குள்ள கழிப்பறைக்குப் போக அஞ்சிப் பிள்ளை குடிக்காமல் இருந்திருக்கிறது. பெண்பிள்ளைகளிடம் இரண்டாவது காரணம் மிகுதி. சிறுநீர்த் தொற்றோடு அவர்கள் நம்மிடம் வருகிறார்கள். ஆகவே முகாமைப் பார்க்கப் போகும்போது மேடையையும் வண்ணக் காகிதத் தோரணத்தையும் பார்ப்பதற்கு முன் கழிப்பறையைத் திறந்து பாருங்கள். உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்பவை அங்குள்ள ஓவிய ஆசிரியரின் தகுதியைவிட முக்கியமானவை.

கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைத் தீ ஓலைக் கூரையில் பற்றி 94 பிள்ளைகள் இறந்தனர். வெயிலுக்கு இதம் என்று முகாமுக்காக ஓலைப் பந்தல் போடுவது தென்மாவட்டங்களில் வழக்கம். பந்தல் இருக்கட்டும், அதனருகே அடுப்பு இருக்கக் கூடாது. வெளியேற ஒரே வாசல் உள்ள மண்டபமும் வேண்டாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை ஒரு தவறான எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மூழ்கும் பிள்ளை கைகளை வீசிக் கத்தும் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். உண்மையில் மூச்சுக்கே இடமில்லாதபோது குரலுக்கு இடமில்லை. ஓசையின்றி ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. கடலோரத்துப் பிள்ளை என்பதால் நீந்தத் தெரிந்திருக்கும் என்று முகாம் நடத்துபவர் கருதிவிடக் கூடாது. கடற்கரைச் சுற்றுலா என்றால், கரையில் நின்று பிள்ளைகளின் தலைகளை எண்ணுவதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவர் வேண்டும். புகைப்படம் எடுப்பவர் அவராக இருக்கக் கூடாது. தீவுக்குப் படகில் அழைத்துப் போவதாக ஒரு முகாம் அறிவித்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. வான் தீவு முதலியவை மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே கால் வைக்க முடியாது. அனுமதிக் கடிதத்தையும் உயிர்காப்பு அங்கிகளையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

பேசக் கூசும் ஒன்றையும் பேசிவிடுவோம். முகாமில் பிள்ளையோடு ஒரு பெரியவர் மூடிய அறையில் தனியே இருக்கும் நிலை ஒருபோதும் வரக் கூடாது. கராத்தே மாஸ்டருக்கும் நடன ஆசிரியைக்கும் போதகருக்கும் இது பொருந்தும். உடை மாற்ற உதவுவது யார், மாலையில் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பவற்றைக் கேட்பது அவமரியாதை ஆகாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவராயினும் புகார் செய்தே ஆக வேண்டும். மூடி மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. அந்த எண்ணைப் பிள்ளைக்கும் மனப்பாடம் செய்வித்து அனுப்புங்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, என்ன கற்றுத் தருகிறார்கள் என்பதையும் பார்க்கலாம். இதில் எங்கள் கருத்து சிலருக்கு உவப்பாக இராது. பத்து நாள் முகாமில் ஐந்து நாளை நிறைவு விழா ஒத்திகைக்குச் செலவிடுவது பிள்ளைகளுக்காக அன்று. முன்வரிசையில் கைபேசியோடு அமரப்போகும் நமக்காக. ஒரு மணிக்கு ஒரு வகுப்பு என மணியடித்து நடத்தும் முகாம் இன்னொரு பள்ளிக்கூடமே. ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. அதன் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாகக் கூறுகிறது. ஓய்வு என்ற சொல் அங்கே முதலில் வருவதை நோக்குக. மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடக்கவும், தாயம் உருட்டவும், பல்லாங்குழி ஆடவும், மரத்தடியில் கதையடிக்கவும் விடும் முகாம், அபாகஸ் கற்றுத் தராவிட்டாலும் குறையில்லை.

இவ்வூர் முகாம்கள் இவ்வூரை மறந்துவிடுவதும் வியப்பாக இருக்கிறது. கடையில் வாங்கிய அட்டையில் பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டும் பிள்ளைகள், ஒரு முத்துச்சிப்பியைத் திறந்து பார்த்ததில்லை. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில்தான் இந்தியாவில் முதன்முறையாகக் கடல் சிப்பியில் வளர்ப்பு முத்து வெற்றிகரமாக உருவாக்கப்பட்டது. உள்ளே வைத்த ஒரு சிறு மணியின்மேல் சிப்பி அடுக்கடுக்காகப் பூசுவதே முத்து என்று ஒரு பிள்ளைக்குக் காட்டினால், அது அன்றிரவு வீட்டில் உறங்காமல் பேசும். உப்பு எப்படிப் பூக்கிறது என்பதை ஒரு தட்டு கடல்நீரை வெயிலில் வைத்தே காட்டலாம். பனையோலையில் காற்றாடி செய்யத் தெரிந்த தாத்தா ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓடக் கூடாதென்று சொல்லப்பட்ட பிள்ளையும் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து செய்யக்கூடியவை இவை. ஓட்டப்பந்தயத்தின்போது அப்பிள்ளையை ஓரமாக அமர்த்தி "நீ கைதட்டு" என்று சொல்லும் முகாமைவிட, விசிலையும் நிறுத்துகடிகாரத்தையும் அதன் கையில் கொடுக்கும் முகாம் மேலானது.

முகாம் தொடங்கிய இரண்டாம் நாள் இரவு பிள்ளையிடம் "என்ன கற்றாய்?" என்று கேட்காதீர்கள். "யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்? யாராவது அழுதார்களா? அழுதவரிடம் யார் வந்து பேசினார்?" என்று கேளுங்கள். அழுத பிள்ளையிடம் இன்ன அக்கா வந்து உட்கார்ந்தார் என்று பெயரோடு விடை வந்தால் கட்டிய கட்டணம் வீணாகவில்லை. நான்காம் நாளும் காலையில் வயிற்றுவலி என்று பிள்ளை சொன்னால், உணவு, தண்ணீர், கழிப்பறை, கேலி செய்யும் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக விசாரியுங்கள். காரணம் புலப்படவில்லை என்றால் நம்மிடம் அழைத்து வாருங்கள். தேவையானால் முகாமை நிறுத்திவிடலாம்; கட்டிய பணத்துக்காகப் பிள்ளையைத் தொடர்ந்து அனுப்ப வேண்டியதில்லை.

நம் மருத்துவமனையில் தொடர் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் பெற்றோர், முகாம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவுக்கு வருவது நல்லது. பிள்ளையின் சிகிச்சைக் குறிப்பேடு, இப்போது கொடுக்கும் மருந்துகள், முகாமின் நேர அட்டவணை ஆகியவற்றை உடன் கொண்டுவாருங்கள். நோயின் பெயர், மருந்தும் நேரமும், ஆபத்துக் குறிகள், முதலுதவி, அழைக்க வேண்டிய எண்கள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். அதில் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைப் பொறுப்பாளரிடம் நேரில் படித்துக் காட்டிக் கொடுங்கள். மற்றொன்றைப் பிள்ளையின் பையில், தண்ணீர்ப் புட்டிக்குப் பக்கத்தில் நனையாத உறையில் வையுங்கள்.